ஓராண்டைக் கையில் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நான் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. பெட்டியை இன்னும் முழுதாகக் காலி செய்யவில்லை. ஆனாலும் இந்த மடலை இதற்கு மேல் தள்ளிப்போட மனம் வரவில்லை. வெளிநாட்டில் ஒரு வருடம் தங்கிக் கவிதை எழுத எனக்கு உதவித்தொகை கிடைத்தது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். ஒவ்வொருவரிடமும் நேரிலோ போனிலோ நன்றி சொல்லிவிட்டேன். அது போதவில்லை. நாலு பேர் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

பணம் கொடுத்த அறக்கட்டளை, தன் பெயரைப் பொதுவில் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. நண்பர்களின் பெயரையும் அவர்களைக் கேட்காமல் இங்கே எழுதுவது முறையில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும், இது யாரைப் பற்றி என்று.

அக்கா, முதலில் நீங்கள். முதல் முறை விண்ணப்பித்தபோது எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வரியில் பதில் வந்தது. இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று உங்களிடம் சொன்னேன். மறுநாள் காலையில் என் விண்ணப்பத்தை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். 'திட்ட விளக்கம் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். நாலு பக்கமும் உன்னைப் பற்றியே இருக்கிறது. எழுதப்போகிற கவிதையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா, காட்டு' என்றீர்கள். தேடிப் பார்த்தேன், இல்லை. அன்றைக்கு மதியம் வரை உட்கார்ந்து, எனக்கு உண்மையிலேயே என்ன எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இரண்டாம் முறை போன விளக்கம் ஒன்றரைப் பக்கம்தான். அதில் இருந்த ஒவ்வொரு வரியையும் அன்று உங்கள் கேள்விக்குப் பதிலாகத்தான் சொன்னேன்.

பரிந்துரைக் கடிதம் எழுதிய இருவருக்கும் நன்றி. அதிலும் ஒருவர், என்னை நேரில் பார்த்ததே இல்லை. 'தெரியாத ஆளைப் பற்றி எழுத மாட்டேன், உங்கள் கவிதைகள் எல்லாவற்றையும் அனுப்புங்கள்' என்றார். அச்சில் வராத கைப்பிரதி உட்பட அத்தனையும் படித்து முடித்த பிறகுதான் எழுதினார். அப்படிப் படிக்கப்பட்டதே எனக்கு ஒரு பரிசு.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி உதவித்தொகைகளில் தேர்வுக் குழுவுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. அவர்கள் கையில் போய்ச் சேர்வது நாம் எழுதிய கவிதை அல்ல, இன்னொருவர் ராத்திரி கண்விழித்து ஆங்கிலத்தில் எழுதிய கவிதை. என்னுடைய பத்துக் கவிதைகளை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்பது கவிதைகள் மூன்று வாரத்தில் முடிந்தன. பத்தாவது நகரவில்லை. சண்டைக்குப் பிறகு இருவர் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதைப் பற்றிய கவிதை அது. கவிதை முழுக்க 'நாங்கள்' என்று வரும். கடைசி வரியில் மட்டும் 'நாம்' ஆகும். தமிழில் அந்த ஒரு சொல் மாற்றத்திலேயே கதவு திறந்துவிடுகிறது. அதுவரை வெளியே நின்ற கேட்கிறவனும் உள்ளே வந்துவிடுகிறான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

பதினோரு நாள் அந்த ஒரு வரியோடு இருந்தார். அடிக்குறிப்புப் போட்டுவிடலாமே என்று நான்தான் சொன்னேன். 'அடிக்குறிப்பைப் படித்து யாருக்கும் நெஞ்சு அடைக்காது' என்றார். கடைசியில், அதுவரை கவிதையில் எங்குமே இல்லாத முன்னிலையைக் கொண்டுவந்தார். 'நாம்' வருகிற இடத்தில் 'நீயும் நானும்' என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதினார், அந்த வரியைத் தனியாக இறக்கி வைத்தார். அதைப் படித்த பிறகுதான் என் கவிதை எங்கே திரும்புகிறது என்று எனக்கே விளங்கியது. பின்னால் தேர்வுக் குழுவில் இருந்த ஒருவரைச் சந்தித்தபோது, அவர் நினைவில் வைத்திருந்தது அந்த வரியைத்தான். மொழிபெயர்ப்பாளர் இதற்காக ஒரு காசுகூட வாங்க மறுத்தார். உதவித்தொகையின் முதல் தவணை வந்ததும் வற்புறுத்தித்தான் கொடுத்தேன். விண்ணப்பத்துக்கான மொழிபெயர்ப்புக்கும் கூலி உண்டு என்பதை இப்படி நிதி கொடுக்கிற எல்லா அமைப்புகளும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை நான் எங்கே பேசினாலும் சொல்லப்போகிறேன்.

சம்பளமில்லா விடுப்புக்குக் கையெழுத்துப் போட்ட மேலாளருக்கும், என் வேலையைச் சேர்த்துப் பார்த்த இரண்டு தோழிகளுக்கும் நன்றி. 'கவிதைக்கா லீவு?' என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பணத்தை எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று போவதற்கு முன் நிறைய யோசித்தேன். எமி லோவல் என்ற அமெரிக்கக் கவிஞர் 1925இல் இறந்தார். அமெரிக்காவில் பிறந்த கவிஞர்கள் வெளியே போய் ஒரு வருடம் வாழ்வதற்காகத் தன் உயிலிலேயே நிதி ஒதுக்கி வைத்திருந்தார். அந்த உதவித்தொகை இன்றும் தொடர்கிறது. அதன் நிபந்தனைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஒரு வருடம் வட அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். வருடக் கடைசியில் குறைந்தது மூன்று கவிதைகள் கொடுத்தால் போதும். ஒரு வருடத்துக்கு மூன்று கவிதை! கவிதை எப்படி வருகிறது என்று தெரிந்த ஒருவர்தான் அப்படி விதி வைக்க முடியும். சாமர்செட் மாம் என்ற ஆங்கில எழுத்தாளர் 1947இல் இளம் எழுத்தாளர்களுக்காக ஒரு விருதை ஏற்படுத்தினார். அதிலும் பரிசுப் பணத்தை வெளிநாட்டுப் பயணத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்றுதான் வைத்தார். எழுதுகிறவர்களுக்கு எது தேவை என்று எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்குக் கொடுத்தவர்களும் அப்படித்தான். மாதாந்தர அறிக்கை கேட்கவில்லை, கூட்டங்களில் பேசச் சொல்லவில்லை. முதல் ஆறு வாரம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. குற்ற உணர்ச்சி தாங்காமல் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். அங்கே இருக்கிற அம்மையார் அன்றைக்கே பதில் போட்டார்: 'நல்லது. வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள்.' அந்தக் கடிதத்தை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். திரும்பும்போது பிய்த்துக் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பாட்டிக்கு இந்த மடல் படிக்கத் தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன். அங்கே குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். முதல் வாரம் நான் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மஞ்சள் கூடு போட்ட ஒரு பழைய மேசை விளக்கை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி அரைகுறை. ஒரு நாள் காலையில் சன்னலுக்கு வெளியே கிடந்ததைக் காட்டி, இதற்கு உன் மொழியில் என்ன என்று சைகையில் கேட்டார். 'பனி' என்றேன். கண்ணாடியில் முத்து முத்தாக நின்ற ஈரத்தைக் காட்டினார். அதுவும் பனிதான் என்றேன். தூரத்தில் ஆற்றை மூடியிருந்த வெண்மையைக் காட்டினார். கொஞ்சம் தயங்கி, அதையும் பனி என்றுதான் சொன்னேன். அவர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் பார்த்தேன். உறைந்தது, துளிர்த்தது, மிதந்தது, மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்த மொழிக்குள் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன், ஒரு நாளும் கவனிக்கவில்லை. அந்த வருடத்தின் முதல் கவிதை அன்று ராத்திரி அந்த மஞ்சள் விளக்கின் கீழேதான் வந்தது. சுற்றிலும் தமிழே காதில் விழாத இடத்தில்தான் தமிழ் எனக்கு அவ்வளவு கிட்டே வந்து நின்றது.

இனி அண்ணி. இந்த இடத்தை எழுதத்தான் மூன்று வாரமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

நான் போன நாலாவது மாதம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. செய்தி வந்த அன்றே பெட்டியைக் கட்டிவிட்டேன். அறக்கட்டளையில் கேட்டேன். 'போய்விட்டு வாருங்கள், அந்த நாட்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்' என்றார்கள். அதற்கு அவர்களுக்குத் தனி நன்றி. ஆனால் போனில் அம்மா, 'நீ வந்தா எலும்பு சீக்கிரம் கூடிடுமா?' என்று கேட்டாள். அண்ணி போனை வாங்கி, 'நான் இருக்கேன். நீங்க எழுதுங்க' என்றீர்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. அறுவை சிகிச்சையும், அதற்குப் பிறகு கைபிடித்து நடக்கப் பழக்கியதும், ராத்திரி எழுந்து திருப்பிப் படுக்கவைத்ததும், ஐந்து மாதம் எல்லாம் நீங்கள்தான். உங்களுக்கும் வேலை இருந்தது, இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

அந்த நாட்களில் நான் அடிக்கடி அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனியை நினைத்துக்கொண்டேன். மாம் விருது வாங்கியவர்களில் அவரும் ஒருவர். 1969 கோடையில் அவர் மாட்ரிட்டில் இருந்தபோது, அவர் வாழ்ந்த பெல்ஃபாஸ்ட் தெருக்களில் துப்பாக்கிச் சத்தம். வெயிலுக்கு ஒதுங்கி பிராடோ அருங்காட்சியகத்துக்குள் போய் கோயாவின் ஓவியங்களுக்கு முன்னால் நின்றதைப் பின்னால் கவிதையாக எழுதினார். தூரத்தில் இருப்பவருக்கு உள்ளே என்ன நடக்கும் என்று முன்பு அதைப் படித்தபோது எனக்குப் புரிந்திருக்கவில்லை. அப்போது புரிந்தது.

தினமும் ராத்திரி அண்ணி போனை அம்மாவின் காதோரம் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். 'இன்னிக்கு என்ன எழுதின, படி' என்பாள் அம்மா. எழுதியதைப் படிப்பேன். எழுதாத நாளில் அடித்துப்போட்ட வரிகளைப் படிப்பேன். சில நாள் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள். மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும், அண்ணி வந்து எடுக்கும் வரை நானும் வைக்க மாட்டேன். அந்த வருடம் எழுதிய கவிதைத் தொகுப்பில் வரிகள் முன்பைவிடக் குட்டையாக இருக்கின்றன என்று அக்கா சொன்னார்கள். அம்மா விழித்திருக்கும்போதே ஒரு வரி முடிய வேண்டுமே என்று எழுதிய பழக்கம் அது. அம்மா இப்போது தடியை ஊன்றி நடக்கிறாள். அண்ணி, தொகுப்பின் முதல் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கும். அதை மட்டும் நீங்கள் தடுக்கக் கூடாது.

நம்மிடம் நன்றி சொல்வதற்கென்றே ஒரு பழைய வழி இருக்கிறது. பத்துப்பாட்டில் பாதிக்குப் பாதி, ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். பரிசில் வாங்கிக்கொண்டு வருகிறவன், எதிரே பசியோடு வருகிறவனை நிறுத்தி, எங்கே போக வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று சொல்வான். அவற்றில் ஒன்றான மலைபடுகடாத்தில் இது ரொம்ப நுணுக்கமாக வரும். பாசி படிந்து வழுக்கும் இடத்தில் கரையோரத் தண்டைப் பிடித்துக்கொண்டு கடந்து போ, தினைப்புனம் காப்பவர்கள் எறிகிற கவண்கல் வரும், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள் என்பது வரை சொல்வார் கவிஞர். கொடுத்த வள்ளலைப் புகழ்வதும் அடுத்தவனுக்கு வழி சொல்வதும் அங்கே ஒரே பாட்டு.

அதனால் அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த வழுக்கல்களைச் சொல்லிவிடுகிறேன். தகுதி விதியை முதலில் படியுங்கள். எந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், வயது வரம்பு உண்டா, புத்தகம் வந்திருக்க வேண்டுமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதைப் படிக்காமல் ஒரு நல்ல வாரத்தை நான் வீணடித்திருக்கிறேன். மொழிபெயர்ப்பை நாலு மாதம் முன்பே தொடங்குங்கள், கடைசி வாரத்தில் யாரையும் கெஞ்சாதீர்கள். பரிந்துரை கேட்கும்போது பெரிய பெயரைத் தேடாமல், உங்களைப் படித்தவரைத் தேடுங்கள். அப்புறம், வீட்டில் யாரிடம் எதை ஒப்படைத்துவிட்டுப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். நான் பேசாமல் போனேன். அந்தச் சுமையை அண்ணி கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

திட்ட விளக்கத்தை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். அக்கா எனக்குக் கேட்ட கேள்விகளைத்தான் நானும் கேட்பேன். நேற்று ஒரு தங்கை அனுப்பியிருக்கிறாள், நாலு பக்கம். அம்மா தூங்கின பிறகு, இன்று ராத்திரி உட்கார்ந்து படிக்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் தோழி