மெஷினை எங்களுக்கும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீப்பெட்டித் தொழில் நலிவதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. லைட்டர் இறக்குமதி, குச்சி மருந்துக்கான குளோரேட் விலை, அட்டை விலை எல்லாம் எழுதுகிறீர்கள். உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்த பெண்கள் என்ன ஆனார்கள் என்பது மட்டும் வருவதில்லை.

கல்யாணமாகி வந்ததிலிருந்து கழுகுமலைப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எனக்கு அடைப்பு வேலை. மருந்து முக்கிக் காய்ந்து வந்த குச்சியைப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். எண்ணிப் போட நேரம் கிடையாது. ஒரு பிடி அள்ளினால் ஒரு பெட்டிக்குச் சரியாக இருக்கும். வேகமாக அள்ள வேண்டும், ஆனால் குச்சித் தலைகள் உரசக் கூடாது, உரசினால் பற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே மணல் வாளி இருக்கும். கூலி பெட்டிக் கணக்குத்தான். மழை பொய்த்த வருஷமெல்லாம் எங்கள் தெரு சாப்பிட்டது இந்தக் கூலியில்.

பழைய காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் வயதுப் பெண்கள் பலர் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில், மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைக் கட்டையில் அடுக்கியவர்கள். அது ஒழிந்தது நல்லது.

ஆனால் மெஷின் தானாக வந்துவிடவில்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது முழுக்கக் கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18 சதவீதம் வரி. 2020 ஏப்ரல் முதல் எல்லாவற்றுக்கும் 12 என்று ஆக்கினார்கள். பாதி வேலைக்கு மெஷின் போட்டிருந்த சின்ன முதலாளிகள் 18 கட்ட முடியாமல் திணறினார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கைவேலைக்கு இருந்த சலுகை அதோடு போயிற்று.

அப்புறம் எங்கள் ஆபீஸிலும் அடைப்பு மெஷின் இறங்கியது. ஒரு சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது, "திங்கட்கிழமை வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறோம்" என்றார் கணக்கப்பிள்ளை. சொல்லி அனுப்பவே இல்லை. பிஎஃப் கேட்கப் போனால் பல பேருக்குப் பதிவேட்டில் பெயரே இல்லை. மெஷின் ஓட்ட வெளியூரிலிருந்து பையன்களைக் கூட்டி வந்தார்கள். எது ஈரக் குச்சி, எதில் மருந்து உதிரும் என்று தொட்டவுடன் சொல்லக்கூடிய பெண்கள் இத்தனை பேர் இருந்தோம். எங்களில் ஒருத்தியையாவது பழக்கிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெண்களுக்கு மெஷின் வராதாம். எங்கள் மகள்கள் நூல் மில்லில் மெஷின்தானே ஓட்டுகிறார்கள்?

இப்போது சிலர் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். சிலர் விடியுமுன் வேன் ஏறிப் பட்டாசுக்குப் போகிறார்கள். அங்கே நடக்கும் வெடி விபத்துகளை நீங்களே போடுகிறீர்கள். மெஷின் வந்தால் ஆபத்தான வேலை குறையும் என்பார்கள். எங்கள் ஊரில் அது பெண்களை இன்னும் பெரிய ஆபத்துக்கு அனுப்பியிருக்கிறது.

மெஷின் வாங்க அரசு மானியமோ கடனோ கொடுக்கும்போது, அந்த ஆபீஸில் வேலை பார்த்த பெண்களின் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்த ரசீதும் வேண்டும். மெஷின் பழக அவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். கோவில்பட்டியிலேயே சாயங்கால வகுப்பு வைக்கலாம். எனக்கு வயதாகிவிட்டது, விடுங்கள். முப்பதும் நாற்பதுமாக இருக்கிற பெண்கள் கூப்பிட்டால் நாளைக்கே வருவார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் அடைப்புத் தொழிலாளி,
கழுகுமலை வட்டாரம்