பூங்காவில் நான்கு மேசைகள்

ஐயா,

மென்பொருள் நிறுவனங்களுக்கு அலுவலக இடம் தரும் அரசுக் கட்டடமான வேலூர் மினி டைடல் பூங்கா குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். மகிழ்ச்சியே, ஆனால் மென்பொருள் தொழில் கட்டடத்தால் மட்டும் வளர்ந்ததில்லை. 1985இல் பெங்களூருக்கு வந்த அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம், எழுதிய மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனக்கெனச் செயற்கைக்கோள் இணைப்பை அமைத்துக்கொண்டது. அவ்வளவு செலவு செய்ய இயலாத சிறு நிறுவனங்களும் ஏற்றுமதியில் இறங்க வழி பிறந்தது, 1991இல் மத்திய அரசின் இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைப்பு தொடங்கப்பட்டு, பொதுவான தரவு இணைப்பும் சலுகைகளும் கிடைத்த பிறகுதான். சென்னை தரமணியில் டைடல் பூங்காக் கட்டடம் திறக்கப்பட்டதே அதற்குப் பின், 2000இல்தான்.

காட்பாடியில் என் வீட்டு மாடியில் மூன்று பொறியியல் பட்டதாரிகள் அரிசி மண்டிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதி வந்தனர். வேலைக்குக் குறைவில்லை, வாடகையிலும் நான் கறார் காட்டவில்லை. பிற்பகல் மின்தடையும் அறுந்து அறுந்து வந்த இணையமும் தாளாமல், இரண்டே ஆண்டில் சென்னைக்குச் சென்று மாதச் சம்பளத்தில் சேர்ந்துவிட்டனர். எனவே, பூங்காவின் ஒரு தளத்தையேனும் இத்தகைய உள்ளூர்க் குழுக்களுக்கு, நான்கைந்து மேசைகளாகப் பிரித்து, தடையில்லா மின்சாரமும் இணையமும் சேர்த்து, பெரிய முன்பணம் கேளாமல் மாத வாடகைக்கு வழங்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், காட்பாடி