கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் சிறுகதைத் தொகுப்பைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டதில் ரொம்ப சந்தோஷம். எழுதியவனுக்கு எழுத்தின் மேல் உள்ள உரிமை மனித உரிமைதானா என்று கேட்டிருந்தாய். ஆமாம். ஆனால் பதிப்புரிமை முழுவதும் அதற்குள் வராது.

1948-ல் வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 27-வது பிரிவு, படைப்பாளியின் பெயரையும் பிழைப்பையும் காக்கச் சொல்கிறது. அதே பிரிவு, கலையைத் துய்க்கும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. இந்தக் காப்பு மனிதருக்குத்தான், நிறுவனங்களுக்கு இல்லை என்று 2005-ல் ஐ.நா. குழு விளக்கியது. விற்று வாங்கும் பதிப்புரிமை வெறும் சொத்து. சொத்துரிமையே 44-வது திருத்தத்துக்குப் பிறகு நம் அரசமைப்பில் அடிப்படை உரிமை இல்லையே!

விற்ற பிறகும் உன்னிடம் தங்குவது, நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு தருவது. எழுதியது நீ என்று சொல்லிக்கொள்ளலாம்; உன் பெயர் கெடும்படி சிதைத்தால் தடுக்கலாம். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். எஞ்சியதை அவரிடமே கொடுத்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரும்படி 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது.

மற்றதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. காலம் எழுதாமல் விட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்கிறது அதே சட்டத்தின் 19-வது பிரிவு. இரண்டும் உனக்குச் சாதகம். 'முழு உரிமையும், நிரந்தரமாக, உலகெங்கும்' என்ற ஒரே வரி இரண்டையும் காலிசெய்துவிடும். அதை அடித்துவிட்டு, 'தமிழில் அச்சு நூல், 3 ஆண்டு' என்று எழுதச் சொல். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனி உரிமைகள். கேட்கும்போது தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

பலரும் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. 'நூல் அச்சில் இல்லாதபோது உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்' என்று இருக்கும். இப்போது கேட்கக் கேட்க ஒவ்வொரு பிரதியாக அச்சிடுகிறார்கள், நூல் அச்சில் இல்லாத நாளே வராது. அதனால், ஆண்டுக்கு 50 பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும் என்று எண்ணைப் போட்டே எழுது. விற்பனைக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தில் வர வேண்டும்.

வரைவு வந்ததும் கையெழுத்துப் போடாமல் எனக்கு அனுப்பு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்