வியட்நாமுக்கு ஒரே பருவம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த வியட்நாம் பயணக் கட்டுரை, நவம்பர் முதல் மார்ச் வரை நாடு முழுக்கச் சுற்றலாம் என்கிறது. அதை நம்பி அரையாண்டு லீவுக்கு மதுரையிலிருந்து பிள்ளைகளோடு கிளம்புகிறவர்கள், நடு வியட்நாமில் அறை போட்டால் மழைக்குப் பயந்து அறையிலேயே கிடக்க வேண்டிவரும்.

வடக்கு தெற்காகச் சுமார் 1,650 கி.மீ. நீண்ட நாடு அது. மேற்கே அன்னமைட் மலைத்தொடர். நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை எப்படியோ, அவர்களுக்கு அது. தென்மேற்குப் பருவக்காற்றை மறித்துவிடுவதால் நடு வியட்நாம் ஊர்களான ஹுவே, டா நாங், ஹோய் ஆன் எல்லாம் கோடையில் காயும். வடகிழக்குக் காற்று கடலைத் தாண்டி வந்து மலையில் முட்டும்போதுதான், ஐப்பசி கார்த்திகையில், கொட்டித் தீர்க்கும். ஹுவேயின் ஆண்டு மழை 2,500 மி.மீ.க்கும் மேல், மதுரைக்கு 850 மி.மீ. அளவுதான். ஹோய் ஆனில் து போன் ஆறு பெருகினால் பழைய நகரத் தெருக்களில் படகு ஓடும். டிசம்பரிலும் தூறல் விடாது. இந்த ஊர்களுக்கு முழுப்பரீட்சை லீவில் போவதே சரி.

டிசம்பரில்தான் போக முடியும் என்றால் தெற்கே போங்கள். சைகோனில் (ஹோ சி மின் நகரம்) அப்போது மழை இருக்காது. ஹனோய்க்கும் போகலாம், ஆனால் ஸ்வெட்டர் கட்டாயம். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் டெட் புத்தாண்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கடைகள் அடைத்திருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது.

கட்டுரை தொடாமலே விட்ட ஊர் ஒன்று உண்டு: பான் ராங். வியட்நாமிலேயே மழை மிகக் குறைந்த வட்டாரம். கம்பம் பள்ளத்தாக்கைப் போல அங்கும் திராட்சைதான் பேர்போனது. ஆடு வளர்ப்பும் உண்டு. சாம் மக்களின் பழைய சம்பா அரசில் பாண்டுரங்கம் என்ற பகுதி இருந்த இடம் இது. சைகோன் – ஹனோய் ரயில் பாதையில் தாப் சாம் நிலையத்தில் இறங்கினால், பக்கத்துக் குன்றிலேயே போ குலோங் கராய் செங்கல் கோபுரம் தெரியும். வாசலுக்கு மேல் ஆறு கைகளோடு ஆடும் சிவன், உள்ளே நந்தி, கருவறையில் முகம் செதுக்கிய முகலிங்கம். இது காட்சிக்கு வைத்த இடிபாடு அல்ல. செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் வரும் காதே திருவிழாவில், சாம் மக்கள் லிங்கத்தை நீராட்டி ஆடை சாத்துகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் பார்க்காமல் வரக்கூடாத கோயில்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "காய்கறி மட்டும்" என்று கேட்டாலும் நுவாக் மாம் என்ற மீன் சாறு சேர்ந்துவிடும். "ஆன் சாய்" என்று சொன்னால்தான் சுத்த சைவம் என்று புரிந்துகொள்வார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால், அந்த நாட்களில் சைவச் சாப்பாடு சுலபமாகக் கிடைக்கும்.

இந்த விவரங்களை அடுத்த இணைப்பிலேயே திருத்தமாக வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர், திருநகர், மதுரை