அவர்கள் ஏன் மறுபடியும் கப்பல் ஏறினார்கள்?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. டாக்டர் சொல்லும் வரை மாடிப்படி ஏற வேண்டாம். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள். மரைன் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறாள். அவள் அப்பாவுக்குத் தயக்கம், எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

இரண்டாம் உலகப்போரில் ஓடிய நார்வேயின் எண்ணெய்க் கப்பல்களான டேங்கர்களைப் பற்றி நான் எழுதியிருந்ததற்கு நீ ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய். டார்பிடோ அடிபட்டுக் கடலில் குதித்துப் பிழைத்தவன், அடுத்த மாதமே பெட்ரோல் ஏற்றிய இன்னொரு கப்பலில் எப்படிக் கால் வைத்தான்? சரியான கேள்வி. படிக்கப் படிக்க எனக்கும் அதுதான் பெரிதாகிக்கொண்டே போகிறது.

முதல் காரணம், திரும்பிப் போக அவர்களுக்கு வீடு இல்லை. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தபோது அந்த நாட்டு வணிகக் கப்பல்களில் பெரும்பாலானவை வெளிக்கடல்களில் இருந்தன. கப்பல்களைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி ஆஸ்லோவிலிருந்து வானொலியில் உத்தரவு வந்தது. வெளியே இருந்தவர்கள் அதற்குப் பணியவில்லை. அந்த மாதமே நார்வே அரசு ஏறக்குறைய 1,000 கப்பல்களைத் தன் பொறுப்பில் எடுத்து, லண்டனில் நார்ட்ராஷிப் என்ற நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது. அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கப்பல் நிறுவனம் அதுதான். நாட்டை விட்டு வெளியேறிய அரசு அந்தக் கப்பல்களின் வாடகை வருமானத்தை வைத்துத்தான் நடந்தது. மாலுமிகள் கட்டாயம் கப்பலில் வேலை செய்தாக வேண்டும் என்று ஆணையும் வந்தது. ஊரில் மனைவி மக்கள் ஜெர்மானியர் ஆட்சியின் கீழ். செஞ்சிலுவைச் சங்கம் மூலமாக இருபத்தைந்து சொல்லுக்குள் ஒரு செய்தி அனுப்பலாம், அது போய்ச் சேர மாதக்கணக்காகும். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அத்தனை சொல்லுக்குள் நீயும் நானும் என்ன எழுதியிருப்போம் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அப்புறம், அவர்கள் ஏற்றிப்போன சரக்கு. அன்றைக்கு நார்வேயிடம் இருந்த டேங்கர்கள் புதியவை, பல டீசல் இன்ஜினில் ஓடியவை. 1941, 42 வாக்கில் பிரிட்டனுக்கு வந்த எண்ணெயில் ஏறக்குறைய 40 சதவீதம் அவற்றில்தான் வந்தது. அவை இல்லாமல் போயிருந்தால் 1940இல் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களைப் பறக்கவிடப் பெட்ரோலே இருந்திருக்காது என்று போர்க்காலப் போக்குவரத்து அமைச்சகத்தில் இருந்த ஃபிலிப் நோயல்-பேக்கர் சொல்லியிருக்கிறார்.

டேங்கரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் அந்த நாளில் அது எப்படி இருந்திருக்கும் என்று நம் இன்ஜின் ரூமை வைத்து நினைத்துப் பார்க்கிறேன். கான்வாயில், அதாவது போர்க்கப்பல் காவலோடு கூட்டமாகப் போகும்போது, கப்பல்கள் வரிசை வரிசையாகப் போகும். டேங்கர்களைக் கூடியவரை நடு வரிசைகளில் வைப்பார்கள். இரவில் விளக்கு கிடையாது. முன்னால் போகும் கப்பலோடு இடைவெளியைக் காப்பாற்ற கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜிலிருந்து ஓயாமல் வேகத்தைக் கூட்டு, குறை என்று உத்தரவு வந்துகொண்டே இருக்கும். நீர்மூழ்கியை அடிக்கக் கடலுக்குள் போடும் டெப்த் சார்ஜ் குண்டு தூரத்தில் வெடித்தால் தகட்டின் மேல் சம்மட்டியால் அடித்தது போலக் கீழே கேட்கும். அது தங்கள் கப்பலா, பக்கத்துக் கப்பலா என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது. சரக்கை இறக்கிவிட்டால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. உள்ளே தங்கிய எண்ணெய் ஆவியை வெளியேற்றி கேஸ் ஃப்ரீ செய்யாத காலி டேங்க் எப்படி வெடிக்கும் என்பது நம் இருவருக்கும் நன்றாகத் தெரியும். மாறாக, கனமான எண்ணெய் நிறைந்த டேங்கர் அடி வாங்கியும் தாக்குப்பிடிக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, டேங்குகளும் தனித்தனி.

டி.எம். 1 என்ற கான்வாயின் கதை இதைத்தான் காட்டுகிறது. 1942 டிசம்பர் 28 அன்று டிரினிடாடிலிருந்து ஒன்பது டேங்கர்கள் ஜிப்ரால்டருக்குக் கிளம்பின. வட ஆப்பிரிக்காவில் இறங்கியிருந்த நேச நாட்டுப் படைகளுக்கான எரிபொருள். காவலுக்கு ஹாவ்லாக் என்ற டெஸ்ட்ராயர் போர்க்கப்பலும் கொர்வெட் என்ற சின்னக் காவல் கப்பல்கள் மூன்றும், அவ்வளவுதான். ஜனவரி 3 அன்றே பிரிட்டிஷ் விஜிலென்ஸ் என்ற டேங்கர் டார்பிடோவுக்கு இரையானது. வழியை மாற்றிக்கொள்ளும்படி கடற்படைத் தலைமை சொல்லியிருந்தது. ஆனால் காவல் கப்பல்களுக்கு நடுக்கடலில் எண்ணெய் நிரப்ப வேண்டியிருந்தது, அதற்கு அமைதியான கடல் வேண்டும் என்று அவற்றின் தளபதி வேறு முடிவெடுத்தார். அந்தத் தளபதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹோஸைப் போட்டு எண்ணெய் ஏற்றும்போது கடல் கொந்தளித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

ஜனவரி 8 இரவு, அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே நடுக்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கூட்டம் பாய்ந்தது. காவல் கப்பல்களின் ராடார்கள் வேறு பழுதாகிக்கொண்டிருந்தன. ஒல்டீனியா என்ற டேங்கர் வெடித்து மூழ்கியது. ஆல்பர்ட் எல். எல்ஸ்வொர்த், மினிஸ்டர் வெடெல் என்ற இரண்டு நார்வே டேங்கர்களும், பனாமா கொடியில் ஓடிய நார்விக்கும் அடிபட்டன. உடனே அவை மூழ்கவில்லை. ஆட்கள் இறங்கிய பிறகும் மிதந்துகொண்டிருந்தவற்றை நீர்மூழ்கிகள் மறுபடி தேடி வந்து மூழ்கடித்தன. ஒன்பதில் ஏழு போயின. ஜிப்ரால்டருக்குள் நுழைந்தவை இரண்டே இரண்டு, பிரிட்டனின் கிளியோனாவும் நார்வேயின் வான்யாவும். அந்த வான்யாவின் ஆட்கள் சரக்கை இறக்கி முடித்ததும் அடுத்து எங்கே ஏற்ற வேண்டும் என்ற உத்தரவுக்குத்தான் காத்திருந்திருப்பார்கள். நீ கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். அவர்கள் தினம் தினம் துணிச்சலாக முடிவெடுத்துக் கப்பல் ஏறவில்லை. வாட்ச் என்ற பணிமுறை நேரம் வந்தது, கீழே இறங்கினார்கள். மேலே ஏறி வந்தபோது உயிரோடு இருந்தார்கள். சீருடை இல்லை, படைவீரன் என்ற பெயரும் இல்லை. நான் எந்தத் தளபதியைவிடவும் இவர்களைத்தான் உயர்வாக நினைக்கிறேன்.

போர் முடிந்தபோது அந்தக் கப்பல்களில் ஏறக்குறைய பாதி கடலுக்கடியில் கிடந்தது. நார்வே மாலுமிகளில் 3,600க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை, செல்வம். பிரிட்டிஷ் மாலுமிகளின் சம்பளம் குறைவு என்பதால், நார்வே மாலுமிகளுக்கான போர்க்கால அலவன்ஸை அவர்களுக்குச் சமமாகக் குறைத்து, மிச்சத்தை ஒரு ரகசிய நிதியில் போட்டார்கள். போருக்குப் பிறகு அது கைக்கு வரும் என்று மாலுமிகள் நம்பினார்கள். வரவில்லை. வழக்குப் போட்டார்கள், 1954இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். இதற்கிடையில் எத்தனையோ பேர் தூக்கம் கெட்டு, நடுக்கம் பிடித்து, குடியில் விழுந்து கிடந்தார்கள். அது நோய்தான் என்று ஃபின் அஸ்கெவோல்ட் போன்ற மருத்துவர்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டியிருந்தது. 1972இல்தான் நாடாளுமன்றம் இரங்கி, கப்பலில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 180 குரோனர் கொடுத்தது. அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல். பெரும்பாலானவர்கள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இதைப் படித்ததிலிருந்து நம்மோடு வேலை செய்த அந்த பம்ப்மேனின் ஞாபகமாகவே இருக்கிறது. அவர் குடும்பத்துக்குக் கம்பெனி தர வேண்டிய பாக்கி இன்னும் வரவில்லை என்று போன தடவை நீ எழுதியிருந்தாய். அவருடைய சி.டி.சி. என்ற மாலுமிப் பதிவுப் புத்தகம், ஒப்பந்தத் தாள், கடைசி மாதச் சம்பளச் சீட்டு, எது கிடைத்தாலும் நகலெடுத்து எனக்கு அனுப்பு. இங்கே கப்பல் வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரைத் தெரியும், அடுத்த வாரமே காட்டுகிறேன். அந்த அம்மாவின் போன் நம்பரையும் எழுது, நானே பேசுகிறேன்.

உன் பிரியமுள்ள,
ராஜு