டெங்குப் பட்டியலை வைத்துக்கொண்டு மணல் ஈயைத் தேட வேண்டாம்

வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும், சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், அரச கால்நடை வைத்தியர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு கிராமத்தில், மணல் ஈ கடித்துப் பரவும், பெரும்பாலும் தோலில் ஆறாத புண்ணாக வரும் லீஷ்மேனியாசிஸ் நோயாளி இருப்பதாகத் தகவல் வந்தால் கைக்கு முதலில் எட்டுவது டெங்குக்கான ஏற்பாடுதான்: புகையடிக்கும் இயந்திரம், சிரட்டையும் டயரும் பொறுக்கும் சிரமதானம். கூடவே, கட்டாக்காலி நாய்களைப் பிடித்து அழிக்கச் சொல்லியும் குரல் எழும். மூன்றும் இந்த நோய்க்கு உதவாது. மணல் ஈயையும் அதன் ஒட்டுண்ணியையும் தொழிலாகக் கற்றவர்கள் என்ற முறையில், எவை உதவும் என்று எழுதுகிறோம்.

மணல் ஈ தண்ணீரில் முட்டையிடுவதில்லை. ஈரமும் மக்கிய பொருளும் கலந்த மண்தான் அதற்கு வேண்டும். மாட்டுக்கொட்டிலின் தரை, எருக்குவியலின் அடி, சருகு படிந்த வேலியோரம், கறையான் புற்று, வெடித்த மண்சுவர் எல்லாம் அதற்கு வீடு. முட்டை வளர்ந்து ஈயாக ஒரு மாதத்துக்கு மேலாகும். அதுவரை புழு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். புகை அந்த மண்ணுக்குள் போகாது. அந்த நேரம் வெளியே பறப்பவற்றை மட்டும் கொல்லும். சுவர் வெடிப்புக்குள் ஒதுங்கியவை தப்பிவிடும், மருந்தின் வீரியமும் நிலைத்து நிற்காது.

ஈ இருக்கிறதா என்று அறியப் பெரிய கருவி தேவையில்லை. வெள்ளை ஏ4 தாளின் இரு பக்கமும் ஆமணக்கு எண்ணெயை மெல்லியதாகப் பூசி, பொழுதுபடும் முன் கொட்டில் சுவரின் வெடிப்பருகிலும் புற்றின் வாயிலும் செருகுங்கள். மழையில் நனையாத இடமாகப் பாருங்கள். விடிந்ததும் எடுத்து, ஒட்டியவற்றை ஈரத் தூரிகையால் தொட்டு 70 சதவீத அற்ககோலில் போடுங்கள். மூன்று மில்லிமீற்றருக்கு மேல் போகாத, வைக்கோல் நிறமான, உடலெல்லாம் மயிர் அடர்ந்த பூச்சி அது. உயிரோடு இருக்கும்போது இறக்கையை மடிக்காமல் மேல்நோக்கி விரித்து உட்காரும். நுளம்பைப் போல ரீங்காரம் இல்லை. குட்டிக் குட்டித் தாவலாகப் பறக்கும். அதனால்தான் கடிபட்டவர்களில் பலருக்கு எது கடித்தது என்றே தெரியாது. எங்கள் நாட்டில் நோயைக் கடத்துவது பிளெபொட்டோமஸ் ஆர்ஜென்டிபெஸ் என்ற இனம். இனத்தை நுணுக்குக்காட்டியில்தான் உறுதிசெய்யலாம் என்பதால் மாதிரியைப் பூச்சியியல் அலுவலரிடம் அனுப்புங்கள்.

பறப்பில் இது பலவீனமான பூச்சி. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே சுற்றும். இது எங்களுக்குச் சாதகம்: நோயாளியின் வளவையும் அயல் வளவுகளையும் ஒழுங்காகப் பார்த்தாலே பெரும்பங்கு வேலை முடியும். எருவை வீட்டுச் சுவரோடு குவிக்காமல் வளவின் மறுகோடிக்கு மாற்றுங்கள். கொட்டில் தரையைக் காயவிடுங்கள், வெடிப்புகளைப் பூசி மூடுங்கள். ஒரு நாள் சிரமதானத்தோடு விட்டால் அடுத்த மழையோடு பழைய நிலைதான். மாதம் ஒருமுறை பார்க்க ஆள் வேண்டும். இந்தியாவின் காலா அசார் (உள்ளுறுப்புகளைத் தாக்கும் லீஷ்மேனியாசிஸ்) ஒழிப்புத் திட்டத்தில் வீட்டுச் சுவரோடு கொட்டில் சுவருக்கும் ஆறு அடி உயரம்வரை நின்று பலன்தரும் மருந்து தெளிக்கிறார்கள். இங்கே இந்த ஈ வெளியிலும் கூடுதலாகக் கடிப்பதால், வீட்டுக்குள் மட்டும் தெளித்துவிட்டு முடிந்தது என்று எண்ண வேண்டாம். சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் இது புகுந்துவிடும். மருந்தூட்டிய வலையே கொடுங்கள்.

இனி, இவை எல்லாவற்றிலும் முக்கியமென நாங்கள் கருதுவது: நோயாளியை நேரத்தோடு குணப்படுத்துவது. ஆறாத புண்ணோடு ஒருவர் பொழுதுபட முற்றத்தில் இருந்தால், அவரைக் கடிக்கும் ஈ ஒட்டுண்ணியை அடுத்தவருக்குக் கொண்டுபோகலாம். பிரச்சினை என்னவென்றால் இந்தப் புண் நோகாது. முகத்திலோ கையிலோ காலிலோ சிறு பருவாகத் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்லப் பெருத்து, நடுவில் வெடித்துப் பொருக்குக் கட்டும். நோவில்லாததால் வயல் வேலையை விட்டு யாரும் வைத்தியசாலைக்குப் போவதில்லை. கடையில் களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். நான்கு கிழமைக்கு மேல் ஆறாத, நோகாத புண் எதையும் சந்தேகியுங்கள்.

மாதிரி எடுப்பதில் வரும் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பொருக்கின் நடுவில் சுரண்டினால் இறந்த இழையமும் பக்றீரியாவும்தான் கிடைக்கும். புண்ணின் தடித்த ஓரத்தை இரு விரலால் இறுக்கி, தோல் வெளிறிய பிறகு சிறு கீறல் போட்டு, அதன் உட்பக்கத்தைச் சுரண்டுங்கள். இரத்தம் கலந்தால் ஒட்டுண்ணியைக் காண்பது கடினம். பழைய புண்ணில் ஒட்டுண்ணி குறைவு. ஒருமுறை இல்லையென்று வந்ததை முடிவாகக் கொள்ளாதீர்கள். சிகிச்சை, புண்ணுக்குள் கிழமைக்கொரு தடவை போடும் சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேற்று ஊசி அல்லது திரவ நைதரசனால் உறையவைத்தல். பலருக்குப் பல கிழமைகள் பிடிக்கும், இடையில் விட்டால் நோய் திரும்பலாம். தோல்நோய் மருத்துவப் பிரிவுக்குப் போகும் பஸ் செலவும் அன்றைய கூலியும் சிகிச்சையை முறிக்கின்றன. கிழமைக்கொரு நாள் வாகனம் ஒழுங்குசெய்வது சபையால் இயலும் காரியம். 2008 முதல் இது அறிவிக்க வேண்டிய நோய். நோயை அறிவிக்கும் எச்-544 படிவம் சந்தேகத்திலேயே நிரப்பப்பட வேண்டும்.

இங்குள்ள ஒட்டுண்ணியான லீஷ்மேனியா டொனோவானி, 1903 இல் சென்னையில் சார்ல்ஸ் டொனோவன் கண்ட அதே இனம். இந்தியாவில் உள்ளுறுப்புகளைத் தாக்குவது, இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நிற்கிறது. உள்ளுறுப்பு நோயும் இங்கே சிலரில் பதிவாகியிருக்கிறது. ஆகவே காரணம் புரியாத நீண்ட காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் இருந்தால் இதையும் நினையுங்கள்.

நாய்களுக்கு வருவோம். மத்தியதரைக் கரையிலும் பிரேசிலிலும் லீஷ்மேனியா இன்பான்டம் என்ற வேறு இனத்துக்கு நாயே முதன்மைத் தேக்கம், அதாவது ஒட்டுண்ணி தங்கியிருந்து பரவும் விலங்கு. இலங்கையிலும் சில நாய்களில் ஒட்டுண்ணி கண்டறியப்பட்டிருக்கிறது, ஆனால் மனிதருக்குப் பரப்புவதில் அவற்றின் பங்கு நிறுவப்படவில்லை. நாயே தேக்கமான பிரேசிலில் கூட, தொற்றிய நாய்களைப் பல ஆண்டுகள் கொன்றும் நோய் அடங்கவில்லை. கொன்ற நாயின் இடத்துக்குக் குட்டி வந்தது, அதற்கும் தொற்றியது. இந்த நிலையில் நாய்களை அழிப்பது கொடுமை, வீண்செலவும்கூட. விசர்நாய்த் தடுப்பூசி நாட்களில் நாய்கள் எப்படியும் ஓரிடத்துக்கு வருகின்றன. கால்நடை வைத்தியர்கள் அப்போதே உரிமையாளர் சம்மதத்தோடு இரத்த மாதிரி எடுத்து, தோல் உரிதல், நிணநீர்க்கணு வீக்கம், அளவுக்கு மீறி நீண்ட நகம் உள்ளவற்றைக் குறித்துவைக்கலாம்.

நோயாளி இருக்கும் வளவுகளின் நாய்களுக்கு டெல்டாமெத்ரின் என்ற பூச்சிகொல்லி ஊட்டிய கழுத்துப்பட்டி கட்டலாம். இரண்டு விரல் நுழையும் தளர்வு வேண்டும். மருந்து தோலெங்கும் பரவ ஒன்றிரண்டு கிழமை ஆகும் என்பதால் முன்கூட்டியே கட்டுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் துளிமருந்தைப் பூனைக்கு ஒருபோதும் போடக்கூடாது. வலிப்பு வந்து இறந்துவிடலாம். இதை மருந்து கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த டெங்குக் குழுக் கூட்டத்தில் மணல் ஈக்கென்று தனி நிகழ்ச்சிநிரல் வைத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் ஒரு கால்நடை வைத்தியரையும் பெயர் குறித்து நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எண்ணெய்த் தாள் வைப்பதையும் மாதிரி எடுப்பதையும் நேரில் வந்து செய்துகாட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மணல் ஈ மற்றும் ஒட்டுண்ணி நோய்த் துறைகளில் பணியாற்றுவோர்