பாப்பாவின் ஃபவுண்டேஷன் வகுப்பை நிறுத்தியது பற்றி, சாருக்கு

அன்புள்ள சார்,

போனில் "எதுக்கும்மா நிறுத்தினே?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் அவர் இருந்தார், விவரமாகச் சொல்ல முடியவில்லை. ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம்.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ.க்குத் தயார்ப்படுத்தும் அந்த ஃபவுண்டேஷன் வகுப்பில் பாப்பாவுக்கு மார்க் ஒன்றும் மோசமில்லை. ஒரு கணக்கு சட்டென்று வரவில்லையா, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்கிறார்கள். அவள் விடமாட்டாள். அதனால் அங்கே அவள் 'ஸ்லோ'. கணித ஒலிம்பியாடின் முதல் கட்டத் தேர்வான ஐ.ஓ.க்யூ.எம். எழுதட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அதிலும் 30 கேள்வி, 3 மணி நேரம், விடை 00 முதல் 99-க்குள் ஓர் எண், அவ்வளவுதான். தேறி அடுத்த கட்டமான ஆர்.எம்.ஓ. போனால்தான் ஆறே கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' எழுத வேண்டும். அவளுக்கு அந்த 'ஏன்'தான் வேண்டியிருக்கிறது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. 1996, மும்பையில் சர்வதேச கணித ஒலிம்பியாட் நடந்த வருஷம். கரும்பலகை ஓரத்தில் எழுதிப் போட்டீர்கள்: 1 முதல் 200 வரை எந்த 101 எண்களை எடுத்தாலும், அதில் ஒன்று இன்னொன்றை மீதியில்லாமல் வகுக்கும், ஏன்? வீட்டில் அரிசி களைந்துகொண்டே யோசித்தேன். எந்த எண்ணையும் முடிகிற மட்டும் இரண்டால் வகுத்துக்கொண்டே போனால்? 96, 48, 24, 12, 6, 3. 24-ம் அதே 3-ல்தான் வந்து நிற்கிறது. 200-க்குள் ஒற்றைப்படை எண்கள் நூறுதான். எடுத்ததோ நூற்றியொன்று! குறைந்தது இரண்டு எண்களாவது ஒரே ஒற்றைப்படை எண்ணில் வந்து நின்றாக வேண்டும். அவற்றுக்குள் இரண்டால் பெருக்கிய தடவைதான் வித்தியாசம். அவற்றில் சின்னது பெரியதை வகுத்துத்தானே ஆக வேண்டும்?

"யாரும்மா சொல்லிக் கொடுத்தா?" என்றீர்கள். நம்புவதற்கு இன்னொரு கணக்கு கொடுத்தீர்கள். அதையும் போட்டேன். அப்போது நீங்கள் சிரித்த சிரிப்பை வேறு யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை, சார்.

அந்த முகத்தோடு எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை? 1998-ல் சென்னைக் கணிதவியல் கழகத்தில் (சி.எம்.ஐ.) பி.எஸ்சி. தொடங்கியபோது, கடைசி பெஞ்சுப் பையனின் அப்பாவை மண்டிக்கே தேடிப் போய்ப் பேசினீர்கள். என்னிடம், "அப்பாவைக் கேட்டுட்டு வாம்மா". கேட்டேன். மீதி உங்களுக்குத் தெரியும். அவனுக்கு அந்தக் கணக்கு வரவில்லை என்பதும் தெரியும்.

இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னியுங்கள். வயசுப்பெண் இருக்கிற வீட்டு வாசலில் வாத்தியார் வந்து நின்றால் தெரு என்ன பேசியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் வந்திருக்கலாம். உங்கள் வீட்டு அம்மாவையாவது கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

என் வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. அதற்கு மேல் இங்கே எழுதுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாவை உங்களிடம் அனுப்புகிறேன். விடையைச் சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். எல்லாம் தேறி, பயிற்சி முகாமுக்கு வெளியூர் போக வேண்டி வந்தால் அவள் அப்பா தயங்குவார். அப்போது என்னையோ அவளையோ கேட்டு வரச் சொல்லாதீர்கள். ஏழு மணிக்கு மேல் அவர் வீட்டில்தான் இருப்பார். நீங்களே வந்து பேசுங்கள்.